10 கோடி டாலர் தரையில் படுத்த கதை

2010 ஜூலை கடைசி வாரம். வர்ஜீனியா மாநிலத்து ஆஷ்பர்னில், வாஷிங்டன் அணியின் பயிற்சி மைதானத்தில் ஒரு பரீட்சை நடக்கிறது. சிலபஸ் ரொம்பச் சின்னது. 25 கஜம் ஓட வேண்டும், திரும்பி வர வேண்டும். இப்படி ஆறு தடவை, 70 விநாடிக்குள். மூன்றரை நிமிஷம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் அதையே இன்னொரு முறை. இந்தத் தடவை கருணை மதிப்பெண்ணாக மூன்று விநாடி கூடுதல். அவ்வளவுதான்.

பரீட்சைக்கு வந்தவர் ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த், அமெரிக்கக் கால்பந்தில் லைன்மேன். ஆறரை அடி உயரம், 150 கிலோ வகையறா எடை, 10 கோடி டாலர் ஒப்பந்தம். முதல் ஓட்டம் பாஸ். ஆஹா! ஓய்வு நேரத்தில் இயற்கை அழைத்தது, பாத்ரூம் போனார். வெளியே வந்தபோது மூன்றரை நிமிஷம் முடிந்துபோயிருந்தது. ஃபெயில்.

மறுநாள் மறுதேர்வு. அதுவும் ஃபெயில். அப்புறம் முழங்கால் வலி. அமெரிக்க விளையாட்டு சேனல்கள் எல்லாம் ஏதோ நிலவுக்கு ராக்கெட் விடுகிற மாதிரி, ‘இன்றைக்காவது ஓடுவாரா?’ என்று தினமும் காத்துக் கிடந்தன. ஆகஸ்ட் 7-ம் தேதி ஒருவழியாக ஓடி முடித்தார். கோடைப் பயிற்சிக்கு ஒழுங்காக வராமல் கட் அடித்ததற்காக வைத்த பரீட்சை அது. வந்து தொலைத்திருந்தால் ஓடியே இருக்க வேண்டாம்!

ஹேன்ஸ்வொர்த்தைப் பார்த்துச் சிரிப்பது ஈஸி. எனக்கு அவர்மேல் பெரிய கோபமில்லை. ‘10 கோடி தருகிறேன்’ என்று யாராவது நீட்டினால், ‘வேண்டாங்க, நான் அவ்வளவு வொர்த் இல்லை’ என்று நீங்கள் சொல்வீர்களா? நானும் சொல்ல மாட்டேன். வேடிக்கை பார்க்க வேண்டியது பேனாவைப் பிடித்திருந்த கையை.

முதலில் இந்த லைன்மேன் யார் என்று பார்த்துவிடலாம். (நம்மூரில் கம்பத்தில் ஏறி ஃப்யூஸ் போடுகிறவர் அல்ல. அவர் வாங்குகிற சம்பளத்துக்கு வேலை செய்கிறார்.) அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்று ஒரு ஹீரோ உண்டு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு எறியலாம் என்று இரண்டு மூன்று விநாடி யோசிப்பார். அதுவரை அவர் முழுசாக இருக்க வேண்டும். அதற்காக அவர் முன்னால் ஐந்து மலைகள் வரிசை கட்டி நிற்கும். அந்த மலைகளைப் புரட்டிப் போட்டுவிட்டு ஹீரோவைச் சாய்க்க எதிர்ப்பக்கம் சில மலைகள். ஹீரோவைப் பந்தோடு சேர்த்துச் சாய்த்தால் அதற்கு ‘சாக்’ என்று பேர். இரண்டு பக்கத்து மலைகளுமே லைன்மேன்கள்தான்.

இதில் ஹீரோவைக் காக்கிற ஐந்து பேர் பாடு பரிதாபம். ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைப் பின்னால் கொடுக்கிற நடு ஆளைத் தவிர, மற்றவர்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம். ரன், விக்கெட் மாதிரி அவர்கள் பேருக்கு நேராக எழுத ஒரு கணக்கும் கிடையாது. வேலையைச் சரியாகச் செய்தால் கேமரா அவர்கள் பக்கமே திரும்பாது. கோட்டை விட்டால் மட்டும் ஸ்லோமோஷனில் நாலு தடவை காட்டுவார்கள். இப்படிப்பட்ட ஆளுக்கு எப்படி விலை போடுவது? முதலாளிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ‘இவன் இல்லாவிட்டால் என்ன ஆகும்?’ என்று நடுராத்திரியில் யோசித்து, வியர்த்து, அந்த வியர்வைக்கு விலை போட்டார்கள்.

பயம் பிறந்த தேதியைக்கூடச் சொல்லலாம். 1985 நவம்பர் 18, திங்கள் இரவு. வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன்மேல் நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் வந்து விழுந்தார். கால் இரண்டாக மடங்கியதை நாடே டி.வி.யில் பார்த்தது. மேலே விழுந்த டெய்லரே பதறியடித்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டார். தைஸ்மன் அதற்கப்புறம் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. முதலாளிகளின் மண்டையில் ஒரு மணி அடித்தது: குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கத்தைக் காக்கிற இடது டாக்கிள், சாதாரண ஆள் இல்லை! உடைந்தது ஒருவர் கால், சம்பளம் உயர்ந்தது வேறொருவருக்கு.

உடனே உயர்ந்துவிடவில்லை. அப்போதெல்லாம் வீரர்கள் இஷ்டத்துக்கு அணி மாற முடியாது. 1989-லிருந்து ‘பிளான் பி’ என்று ஒரு ஏற்பாடு. ஒவ்வொரு அணியும் தேர்ந்த 37 பேரைப் பத்திரமாகப் பூட்டி வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பார்த்து, ‘போங்கடா, உங்களுக்குச் சுதந்திரம்!’ என்று பெரிய மனசு பண்ணும். 1992-ல் ஃப்ரீமன் மெக்நீல் என்ற வீரர் போட்ட வழக்கில் மினியாபொலிஸ் ஜூரி இந்தப் பெரிய மனசைச் சட்டவிரோதம் என்றது. 1993-ல் சந்தை திறந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் யாருக்கு வேண்டுமானாலும் விலை போகலாம். வீரர்கள் விடுதலையானார்கள், முதலாளிகளின் புத்தியும் கூடவே விடுதலையானது.

முதல் வருஷமே ஒரு தமாஷ். பஃபலோ பில்ஸின் இடது டாக்கிள் வில் வோல்ஃபர்டுக்கு இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 3 வருஷத்துக்கு 76.5 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. அதே விலையைக் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை பில்ஸுக்கு உண்டு. அதனால் கோல்ட்ஸ்காரர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: அணியின் தாக்குதல் ஆட்டக்காரர்களில் வோல்ஃபர்டின் சம்பளமே எப்போதும் உச்சமாக இருக்கும். பில்ஸிடம் ஜிம் கெல்லி என்ற நட்சத்திர குவார்ட்டர்பேக் இருக்கிறார். அவரை விட, அவருக்குக் காவல் நிற்கிறவருக்கு அதிகச் சம்பளமா? முடியுமா? பில்ஸ் கும்பிடு போட்டு வழியனுப்பியது. லீக் தகராறு செய்தது, நடுவர் தீர்ப்பில் வோல்ஃபர்டே ஜெயித்தார். அந்த சீசனில் கோல்ட்ஸ் ஜெயித்தது 4, தோற்றது 12. அவரை இழந்த பில்ஸ் சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டிக்கே போனது. (அங்கே தோற்றது. அது அவர்கள் வழக்கம். வரிசையாக நாலாவது தடவை.)

இந்த ஒரு வருஷத்துப் பாடமே போதும் அல்லவா? போதாமல் போனதற்குக் காரணம் ஒரு பாதிரியார். ரெஜி வைட். தடுப்பு லைன்மேன்களில் ராஜா, ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கி. 1993-ல் எந்த அணிக்குப் போவது என்று கடவுள் சொல்வார் என்றார். ஊர் ஊராக முதலாளிகள் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். பனியில் உறைந்து கிடக்கும் சின்ன ஊரான கிரீன் பேயின் கோச் மைக் ஹோம்கிரன், வைட்டின் வீட்டு ஆன்ஸரிங் மெஷினில், தானே கடவுள் என்று சொல்லி, ‘கிரீன் பேக்குப் போ’ என்று மெசேஜ் விட்டார். வைட் அங்கேயே போனார். கடவுள் அருளியது 4 வருஷத்துக்கு 1.7 கோடி டாலர். சூப்பர் பவுலில் மூன்று சாக் எடுத்துக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார்.

முதல் லாட்டரிச் சீட்டுக்கே பம்பர் விழுந்தால் என்ன ஆகும்? அதேதான் ஆயிற்று. அதே கிரீன் பே, 2002-ல் ஜோ ஜான்சன் என்ற தடுப்பு லைன்மேனுக்கு 6 வருஷத்துக்கு 3.3 கோடி என்று எழுதியது. காயங்கள் துரத்தித் துரத்தி அடித்தன. இரண்டு சீசனில் 11 ஆட்டம், மொத்தம் 2 சாக். இந்தத் தடவை கடவுள் போன் எடுக்கவில்லை.

இனி நம் கதாநாயகர். ஹேன்ஸ்வொர்த் இல்லை, டேன் ஸ்னைடர். 1999-ல், 34 வயதில், வாஷிங்டன் அணியை 80 கோடி டாலருக்கு வாங்கியவர். சின்ன வயசிலிருந்தே அந்த அணியின் பரம ரசிகர். பிரச்னையே அதுதான். ரசிகனிடம் செக் புக் கொடுத்தால் அணி கட்ட மாட்டான், ஆல்பம் ஒட்டுவான். 2000-ல் டியான் சாண்டர்ஸ், புரூஸ் ஸ்மித் என்று முப்பதைத் தாண்டிய பழைய ஜாம்பவான்களாகப் பார்த்து வாங்கிக் குவித்தார். பயிற்சி முகாமை வேடிக்கை பார்க்க வரும் ரசிகர்களிடமே 10 டாலர் டிக்கெட் போட்டார். அந்த சீசன் 8 வெற்றி, 8 தோல்வி. சாண்டர்ஸ் 7 வருஷ ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் ஆடிவிட்டுக் கிளம்பினார். ஸ்னைடர் பாடம் படித்துக்கொண்டாரா என்று கேட்கிறீர்களா? நல்ல ஜோக்.

2009 பிப்ரவரி 27. நள்ளிரவு 12 மணிக்குச் சந்தை திறந்தது. சூரியன் ஒழுங்காக மேலே வருவதற்குள் ஹேன்ஸ்வொர்த் வாஷிங்டன் ஆளாகிவிட்டார். 7 வருஷம், 10 கோடி டாலர், அதில் 4.1 கோடி உத்தரவாதம். தடுப்பு ஆட்டக்காரர் யாரும் அதுவரை பார்க்காத தொகை. மனிதருக்குத் திறமை இல்லாமல் இல்லை. டென்னசி டைட்டன்ஸில் 2008 சீசனில் இரண்டு பேர் சேர்ந்து தடுத்தாலும் நிற்காத புயல். எட்டரை சாக். ஆனால் அது ஒப்பந்தம் முடிகிற வருஷம். அந்த வருஷத்தில் எல்லாப் பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள்தான். அதற்கு முந்தைய சங்கதிகளும் ஊரறிந்தவை. 2003-லிருந்து ஒரு சீசனைக்கூட முழுசாக 16 ஆட்டமும் ஆடியதில்லை. 2006-ல், ஹெல்மெட் கழன்று கீழே கிடந்த டாலஸ் வீரர் ஆந்த்ரே குரோடின் தலையை பூட்ஸ் காலால் மிதித்து, 30 தையல் போட வைத்து, 5 ஆட்டம் தடை வாங்கியவர். பெண் பார்க்கப் போனவர்கள் பக்கத்து வீட்டில் விசாரிக்கவே இல்லை.

விடிவதற்குள் 10 கோடிக்குப் பேரம் முடிகிறதென்றால் முந்தின நாளே ரகசியமாகப் பேசியிருப்பார்கள் என்று டைட்டன்ஸ் புகார் கொடுத்தது. லீக் விசாரித்தது. ஒன்றும் நிரூபணமாகவில்லை. பின்னாளில் லீக் இந்த ஊழலை எப்படி ஒழித்தது தெரியுமா? 2013 முதல், சந்தை திறப்பதற்கு முன்னால் பேரம் பேசுவதையே அனுமதித்துவிட்டது. அதற்கு எல்லாரும் வைத்திருக்கிற செல்லப் பேர் ‘லீகல் டாம்பரிங்’. சட்டப்படியான தில்லுமுல்லு. இவ்வளவு நேர்மையான பேரை நான் வேறு எந்தத் துறையிலும் கேட்டதில்லை.

முதல் சீசன்: 4 சாக், அணிக்கு 12 தோல்வி. கிறிஸ்துமஸ் அன்று லேட்டாக வந்ததற்காகக் கோச் அவரை வீட்டுக்கே அனுப்பினார். சீசன் முடிந்ததும் கோச் வீட்டுக்குப் போனார். மைக் ஷனஹன் என்ற கண்டிப்பான வாத்தியார் வந்து, தடுப்பு வியூகத்தையே மாற்றினார். புது வியூகத்தில் நடுவில் நிற்பவர் இரண்டு மலைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சாக் எடுத்து, நெஞ்சைத் தட்டிக்கொள்கிற புகழெல்லாம் பின்னாலிருந்து வருகிற வேறொருவருக்கு. ‘இதற்கா நான் வந்தேன்?’ என்று ஹேன்ஸ்வொர்த் முறுக்கிக்கொண்டார். ஆனால் 2010 ஏப்ரல் 1-ம் தேதி வரவேண்டிய 2.1 கோடி டாலர் போனஸை மட்டும் முறுக்கில்லாமல் வாங்கிக்கொண்டார். தேதியை இன்னொரு தடவை பாருங்கள். ஏப்ரல் 1. யார் முட்டாள் என்பதை செக்கிலேயே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம்தான் அந்த 70 விநாடிப் பரீட்சை. அதற்கும் அப்புறம், 2010 நவம்பர் 15. திங்கள் இரவு, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுடன் ஆட்டம். முதல் பந்திலேயே ஈகிள்ஸின் குவார்ட்டர்பேக் மைக்கேல் விக் எறிந்தது 88 கஜம் போய், எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் ஆனது. சற்று நேரத்தில் இன்னொரு காட்சி. விக் பந்தோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருக்கிறார். வாஷிங்டன்காரர்கள் துரத்துகிறார்கள். திரையின் நடுவில் ஒரு பெரிய உருவம் தரையில் படுத்திருக்கிறது. விழுந்தவர் எழுந்திருப்பார் என்று பார்த்தால், இல்லை. ஆட்டம் அவரைச் சுற்றி நடக்கிறது. அவர் படுத்தபடியே இருக்கிறார். ரீப்ளேயில் இதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. ஓய்வு என்றால் அது ஓய்வு!

ஆட்டம் 59-28 என்று முடிந்தது. அன்றைக்கே, ஆட்டம் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்னால், வாஷிங்டன் தன் குவார்ட்டர்பேக் டோனவன் மெக்நாப்புக்கு 5 வருஷம், 7.8 கோடி டாலர் என்று புது ஒப்பந்தம் போட்டிருந்தது. அடுத்த மாதமே அவரை பெஞ்சில் உட்கார வைத்தது. நல்ல வேளை, அந்த 7.8 கோடியில் உத்தரவாதம் கொஞ்சம்தான். இந்த லீக்கின் ஒப்பந்தங்களில் மொத்தத் தொகை என்பது கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் போடுகிற பட்டம் மாதிரி. உத்தரவாதத் தொகை ஒன்றுதான் கையில் வரும் நிஜம். கடைசி வருஷங்கள் எல்லாம் ஏஜென்ட் தன் அம்மாவிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ள.

வாஷிங்டனில் ஹேன்ஸ்வொர்த்தின் மொத்தக் கணக்கு: 20 ஆட்டம், ஆறரை சாக், சீசன் முடிவதற்குள் ஒரு சஸ்பென்ஷன். 2011-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அவரை ஒரு ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்கு (கல்லூரி வீரர்களை அணிகள் வருஷா வருஷம் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கி எடுப்பதில் ஓர் இடம்) வாங்கிக்கொண்டது. அங்கே கோச் பில் பெலிச்சிக். லீக்கின் ஆகப்பெரிய மூளை, யாரையும் திருத்திவிடுவார் என்று பேர். நவம்பரில் ஹேன்ஸ்வொர்த் மைதான ஓரத்தில் ஒரு துணை கோச்சோடு மல்லுக்கு நிற்க, இரண்டாவது நாள் பெலிச்சிக் பையைக் கையில் கொடுத்தார். மேதைக்கும் சபலம் வரும். குறைந்த விலையில் வரும், அதுதான் வித்தியாசம்.

ஸ்னைடர் என்ன ஆனார்? திவால்? தெருவுக்கு வந்தார்? இத்தனை கோளாறும் செய்த மனிதர், 80 கோடிக்கு வாங்கிய அணியை 2023-ல் 605 கோடி டாலருக்கு விற்றார்.

கஞ்சத்தனமும் கட்டுப்பாடும் வரட்டும் என்றுதான் 1994-ல் லீக் சம்பள உச்சவரம்பு கொண்டுவந்தது. ஓர் அணி மொத்தமாக 3.46 கோடி டாலருக்கு மேல் தாண்டக்கூடாது. 2025-ல் அந்த வரம்பு 27.92 கோடி. கூடவே, இத்தனை சதவீதமாவது செலவழித்தே தீர வேண்டும் என்று ஒரு கீழ்வரம்பும் வந்து சேர்ந்தது. சந்தை திறப்பதோ இப்போதெல்லாம் மார்ச் மாதம். மார்ச்சில், கைவசம் இருக்கிற நிதியைச் செலவழித்தே ஆக வேண்டிய ஆபீஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

வாங்கக் கிடைக்கிற சரக்கையும் பார்க்க வேண்டும். உருப்படியான டாக்கிளை எந்த அணியும் சந்தை வரைக்கும் வர விடாது. முன்கூட்டியே ஒப்பந்தத்தை நீட்டிக்கும். ஆள் ஒத்துக்கொள்ளாவிட்டால் ‘ஃபிரான்சைஸ் டேக்’ என்று ஒரு முத்திரை குத்தி ஒரு வருஷம் கட்டிப்போடும். சியாட்டிலில் வால்டர் ஜோன்ஸ் என்ற மகா டாக்கிளை 2002 முதல் மூன்று வருஷம் வரிசையாக இப்படிக் குத்தினார்கள். ஆக, சந்தைக்கு வந்து நிற்கிறவர் யார்? அவரைத் தினமும் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் ‘வேண்டாம்’ என்று விட்டவர். வாங்குகிறவருக்கு இது தெரியும். தெரிந்தும் வாங்குவார். தம் கோச் கை பட்டால் சரியாகிவிடும் என்பார்.

2017 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். மினசோட்டா வைக்கிங்ஸ் தன் இடது டாக்கிள் மேட் காலிலை வேண்டாம் என்று விட்டது. கரோலைனா பாந்தர்ஸ் அவரை 5 வருஷம், 5.55 கோடி டாலருக்கு எடுத்தது. கரோலைனா தன் டாக்கிள் மைக் ரெம்மர்ஸை வேண்டாம் என்று விட்டது. அவரை யார் எடுத்தது? அதே மினசோட்டா! 5 வருஷம், 3 கோடி. ஒருவர் கழித்துப்போட்டதை இன்னொருவர் மாற்றி எடுத்துக்கொண்டு, இரண்டு பேரும் பொங்கல் வைத்துக் கொண்டாடினார்கள். 2019 மார்ச்சில் இரண்டு பேரையும் இரண்டு அணிகளும் விடுவித்தன, ஒரே மாதத்தில். அந்த ஒற்றுமையை மட்டும் பாராட்டத்தான் வேண்டும்.

ரெம்மர்ஸ் பெயர் ஒரு சரித்திர நிகழ்ச்சியிலும் உண்டு. 2016 பிப்ரவரி, 50-வது சூப்பர் பவுல். டென்வரின் வான் மில்லர் அவரைத் தாண்டி ஓடி, கரோலைனாவின் குவார்ட்டர்பேக் கேம் நியூட்டன் கையிலிருந்த பந்தைப் பிடுங்கி விட்டார். உருண்ட பந்தின்மேல் மாலிக் ஜாக்சன் விழுந்து டச்டவுன் ஆக்கினார். சில விநாடிதான். அதன் பலன்: பிடுங்கிய மில்லருக்கு 11.45 கோடி ஒப்பந்தம். மேலே விழுந்த ஜாக்சனுக்கு ஜாக்சன்வில் அணியில் 8.55 கோடி. தாண்ட விட்ட ரெம்மர்ஸுக்கும் அடுத்த வருஷம் அந்த 3 கோடி. அடித்தவன், எடுத்தவன், விட்டவன் மூவருக்கும் சம்பள உயர்வு தருகிற வேறு கம்பெனி உலகத்தில் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள், அப்ளிகேஷன் போடுகிறேன்.

காலிலை வாங்கிய கரோலைனா மேலாளர் டேவ் கெட்டில்மன். பெரிய உடம்புக்காரர்களைக் கண்டால் உருகிவிடுவார். லைன்மேன்களுக்கு ‘ஹாக் மாலி’ என்று செல்லப் பேரே வைத்திருந்தார். 2017 ஜூலையில் வேலை போனது. டிசம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரைக் கூப்பிட்டு சாவியைக் கொடுத்தது. வந்ததும் முதல் வேலையாக 2018 மார்ச்சில் பேட்ரியட்ஸின் நேட் சோல்டருக்கு 4 வருஷம், 6.2 கோடி. அன்றைய தேதியில் லீக்கிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் தாக்குதல் லைன்மேன். அந்த வருஷம் ஜயன்ட்ஸின் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங் 47 தடவை சாய்க்கப்பட்டார். சோல்டரின் சின்னப் பையனுக்கு அப்போது புற்றுநோய் சிகிச்சை. அந்த மனிதரைப் பற்றி ஜோக் அடிக்க எனக்கு மனசில்லை. கெட்டில்மனின் கையெழுத்தைப் பற்றித் தாராளமாக அடிக்கலாம்.

சோல்டர் ஆடிய பேட்ரியட்ஸில் டான்டே ஸ்கார்னெக்கியா என்று ஒரு லைன் கோச் இருந்தார். அடிமாட்டு விலையில் வந்தவர்களை எல்லாம் சுவராக நிறுத்திவிடுவார். பின்னால் டாம் பிரேடி நின்று, பந்தைச் சட்டென்று எறிந்துவிடுவார். ஐந்து பேர், ஒரு வாத்தியார், ஒரு குவார்ட்டர்பேக் சேர்ந்து செய்த வேலையில் ஒருவரை மட்டும் பிய்த்து எடுத்துப் போய், எங்கள் ஊரிலும் அதே சுவர் எழும்பும் என்று நம்பினால் எப்படி? 2018-ல் பேட்ரியட்ஸ் ஏறக்குறைய சும்மா வாங்கிய ட்ரென்ட் பிரவுன், ஒரு கோப்பையோடு 2019-ல் ரெய்டர்ஸுக்குப் போனார். 4 வருஷம், 6.6 கோடி. சோல்டரின் சாதனையை முறியடித்த சம்பளம். இரண்டு சீசனில் 16 ஆட்டம் ஆடினார். 2021-ல் ரெய்டர்ஸ் அவரைத் திருப்பி அனுப்பியது. எங்கே? பேட்ரியட்ஸுக்கே. புகுந்த வீட்டில் சீர் வாங்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டார். ஸ்கார்னெக்கியாவை ஒருவரும் ஏலம் கேட்கவில்லை.

ஃபிலடெல்ஃபியா கதையும் அதேதான். அங்கே அப்போது வாத்தியார் ஜெஃப் ஸ்டவுட்லண்ட். ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்த, வாழ்நாளில் அமெரிக்கக் கால்பந்து ஆடியே இராத ஜோர்டன் மைலாட்டாவை 2018-ல் கடைசிச் சுற்றில் எடுத்து, இடது டாக்கிள் ஆக்கினார். அந்த மைலாட்டாவிடம் இடத்தைப் பறிகொடுத்தவர் ஆந்த்ரே டில்லர்டு, 2019-ன் முதல் சுற்றுத் தேர்வு. 2023-ல் டென்னசி டைட்டன்ஸ் அந்த டில்லர்டுக்கு 3 வருஷம், 2.9 கோடி கொடுத்து இடது டாக்கிளாக நிறுத்தியது. ரக்பிக்காரரிடம் தோற்றவர் என்ற ஒரு வரி பயோடேட்டாவிலேயே இருந்தது. சீசன் பாதியில் பெஞ்ச், அடுத்த மார்ச்சில் வீடு.

எல்லாமே தண்டம் என்று சொல்லிவிட முடியாது என்பதுதான் இந்த விளையாட்டின் அநியாயம். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 2021-ல் ஜோ தூனிக்கு 8 கோடி கொடுத்தது. ஒவ்வொரு சென்ட்டும் செரித்தது. இதே பேட்ரியட்ஸ் பட்டறைச் சரக்குதான். ஆஹா என்று 2023-ல் ஜவான் டெய்லருக்கும் 8 கோடி. அவருடைய பிரச்னை ஆர்வம். பந்து நகர்வதற்கு முன்பே நகர்ந்துவிடுவார். அல்லது வரிசைக்குப் பின்னால் தள்ளி நிற்பார். தன் பழைய அணி ஜாக்சன்வில்லுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து தடவை நடுவரின் கொடி அவருக்காகப் பறந்தது. கோச் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைத்தார். அந்த சீசன் முழுக்க லீக்கிலேயே அதிகத் தப்பு செய்து மாட்டியவர் அவர்தான். கோப்பையை ஜெயித்தது யார்? கன்சாஸ் சிட்டி! குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸாக இருந்தால் காவல்காரர் முன்பின் நின்றாலும் சாமி புறப்பாடு நடந்துவிடும்.

மற்ற ஊர்களில் மஹோம்ஸ் இல்லை. ஆனால் மார்ச் எல்லா ஊருக்கும் வரும். 2025 மார்ச்சில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் இடது டாக்கிள் டேன் மூர் சந்தைக்கு வந்தார். முந்தைய சீசனில் அவரைத் தாண்டிப் போன சாக் மட்டும் 12, லீக்கிலேயே அதிகம் என்று கணக்கெடுப்பவர்கள் கணக்குக் கொடுத்திருந்தார்கள். ஹேன்ஸ்வொர்த்தை விட்டுக்கொடுத்துத் தப்பித்த, டில்லர்டை வாங்கிச் சுட்டுக்கொண்ட அதே டைட்டன்ஸ் அவருக்கு 4 வருஷத்துக்கு 8.2 கோடி டாலர் எழுதியது. 5 கோடி உத்தரவாதம். அடுத்த மாதமே கல்லூரி வீரர் தேர்வில் முதல் ஆளாக கேம் வார்ட் என்ற இளம் குவார்ட்டர்பேக்கை எடுத்து, கொண்டுவந்து அவருக்குப் பின்னால் நிறுத்தியது. பையனுக்காக நீங்களும் ஒரு தேங்காய் உடையுங்கள்.